419 பிழை வருகிறது என்று சிஎஸ்ஆர்எஃப் காவலை எடுத்துவிடாதீர்கள்

கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு நெல் கொள்வனவு மென்பொருள் செய்கிறீர்கள் என்று வையுங்கள். விவசாயியின் வங்கிக் கணக்கு இலக்கத்தை மாற்ற அதில் ஒரு படிவம் இருக்கும். காலபோக அறுவடை நாட்களில் எழுதுவினைஞர் காலையில் லொக்கின் செய்தால் பின்னேரம் வரை அப்படியே விட்டிருப்பார். இடையில் வட்ஸ்அப்பில் வந்த ஒரு லிங்கை அதே பிரவுசரில் திறக்கிறார். அந்தப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படிவம்: அனுப்ப வேண்டிய இடம் உங்கள் மென்பொருளின் முகவரி, உள்ளே ஒரு விவசாயியின் அங்கத்துவ இலக்கமும் திருடனின் கணக்கு இலக்கமும். பக்கம் திறந்ததும் ஜாவாஸ்கிரிப்ட் அதை அனுப்பிவிடும். லொக்கின் செய்தவரை அடையாளம் காட்டும் உங்கள் குக்கியையும் பிரவுசர் சேர்த்து அனுப்பினால், எழுதுவினைஞரே அழுத்தியதாகத்தான் சேர்வர் எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்ட்டை எவரும் திருடவில்லை. இதுதான் சிஎஸ்ஆர்எஃப் (CSRF), அதாவது வேறு தளத்திலிருந்து போலிக் கோரிக்கை அனுப்புவது.

இதைத் தடுக்க, முதலில் கெட் (GET) கோரிக்கைகளைப் பாருங்கள். லிங்கை அழுத்தினால் போவது கெட்; தரவை மாற்றும் படிவம் அனுப்பவேண்டியது போஸ்ட் (POST). தரவை மாற்றுகிற, அழிக்கிற எதுவும் கெட்டில் இருக்கக்கூடாது. ‘நீக்கு’ என்பதை வெறும் லிங்காக வைத்திருந்தால் இன்றைக்கே போஸ்ட் படிவமாக்குங்கள். லாரவெல், ஜாங்கோ என்ற வெப் பிரேம்வேர்க்குகள் இரண்டும் கெட்டில் டோக்கனை (படிவம் உங்கள் தளத்திலிருந்தே வந்தது என்று காட்டும் இரகசிய எழுத்துச் சரம்) சோதிப்பதில்லை.

அடுத்தது டோக்கன். லாரவெல், ஜாங்கோவில் இது தயாராகவே வருகிறது. படிவத்துக்குள் ஒரு வரி சேர்த்தால் போதும். வெறும் பிஎச்பியில் எழுதுகிறவர்கள் பாதுகாப்பான ரேண்டம் பங்ஷனால் 32 பைட் எடுத்து, ஹெக்ஸாக்கி, 64 எழுத்தாக செஷனில் (ஒவ்வொரு பயனாளருக்கும் சேர்வர் வைத்திருக்கும் பதிவில்) வையுங்கள். அதையே படிவத்தில் மறைபுலமாகப் போட்டு, வந்ததும் ஒப்பிடுங்கள். இங்கே பலர் தவறவிடும் ஓர் ஓட்டை உண்டு: செஷனில் டோக்கன் இல்லை, வந்ததும் வெற்று என்றால் வெற்றும் வெற்றும் பொருந்திவிடும். ஒப்பிடுவதற்கு முன், செஷனில் டோக்கன் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் நிராகரியுங்கள். டோக்கனை முகவரியில் ஒட்டாதீர்கள். ஹிஸ்டரியிலும் சேர்வரின் பதிவுக் கோப்பிலும் தங்கிவிடும்.

செஷன் குக்கிக்கு சேம்சைட் லாக்ஸ் (SameSite=Lax) என்று நீங்களே எழுதுங்கள். வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட்டுடன் குக்கி போகாமல் இது தடுக்கும். 2020 பெப்ரவரியில் வந்த குரோம் 80இலிருந்து எழுதாத குக்கியையும் லாக்ஸாகவே எடுப்பது உண்மைதான். ஆனால் அப்படி எழுதாத குக்கியை, அது உருவாகி முதல் 2 நிமிடத்துக்குள் வேறு தளத்திலிருந்து வரும் போஸ்ட்டுடனும் குரோம் அனுப்பும். எல்லா பிரவுசரும் குரோம் போல நடப்பதுமில்லை. அதோடு, ஒரே டொமைனின் சப்டொமைன்கள் எல்லாம் ‘ஒரே தளம்’ என்றே கணக்கு. பக்கத்துச் சப்டொமைன் ஒன்று கவனிப்பாரற்றுக் கிடந்தால் லாக்ஸ் உங்களைக் காக்காது. ஆகவே லாக்ஸ் இருக்கிறதென்று டோக்கனை விடவேண்டாம்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் காவல் உடைவது பெரும்பாலும் இனிச் சொல்லும் இடத்தில்தான். கரண்ட் போகும், சிக்னல் விழும், நீண்ட படிவம் பாதியில் நிற்கும். லாரவெலில் செஷன் ஆயுள் வழமையாக 120 நிமிடம். அது கடந்து அனுப்பினால் டோக்கன் பொருந்தாமல் 419 என்ற பிழை வரும், நிரப்பியது போய்விடும். முறைப்பாடு வந்ததும் அந்த முகவரியை டோக்கன் சோதிக்காத விலக்குப் பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். பிழை மறைகிறது, கணக்கு இலக்கம் மாற்றும் படிவம் காவலில்லாமல் நிற்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அதற்குப் பதில், படிவம் திறந்திருக்கும்வரை 10 நிமிடத்துக்கு ஒருமுறை சிறு கோரிக்கை அனுப்பி செஷனைப் புதுப்பியுங்கள். நிரப்பியதை பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் வரைவாக வைத்து, அனுப்பி முடிந்ததும் அழித்துவிடுங்கள். பொதுக் கணினியில் இது முக்கியம். ஆனால் நிராகரித்த கோரிக்கையில் வந்த விவரத்தைப் படிவத்தில் திரும்ப நிரப்பிக் காட்டவேண்டாம். அது போலிக் கோரிக்கையாக இருந்தால், திருடனின் இலக்கத்தை நீங்களே புதிய டோக்கனோடு எழுதுவினைஞர் முன் வைக்கிறீர்கள். அவசரத்தில் அவர் அழுத்திவிடுவார். கணக்கு இலக்கம் மாற்றும்போது பாஸ்வேர்ட்டை மறுபடி கேட்பதும் நல்லது.

பக்கத்தை முழுதாக கேஷ் செய்தால் (ஒருமுறை உருவாக்கியதைச் சேமித்து எல்லோருக்கும் கொடுத்தால்) ஒருவரின் டோக்கன் எல்லோருக்கும் போய் 419 கொட்டும். படிவமுள்ள பக்கங்களை கேஷிலிருந்து எடுங்கள். உங்கள் தளத்தில் எக்ஸ்எஸ்எஸ் (XSS) ஓட்டை, அதாவது பிறர் எழுதிய ஸ்கிரிப்ட் உங்கள் பக்கத்திலேயே ஓட இடம் கொடுக்கும் ஓட்டை இருந்தால் அதன் வழியே டோக்கனையும் வாசித்துவிடலாம். அதைத் தனியாக அடைக்க வேண்டும்.

சோதிக்கும்போது லோக்கல்ஹோஸ்ட்டில் போர்ட்டை மட்டும் மாற்றி ஏமாறாதீர்கள். சேம்சைட் போர்ட்டைப் பார்ப்பதில்லை. மென்பொருளை லோக்கல்ஹோஸ்ட்டிலும் தாக்கும் பக்கத்தை 127.0.0.1இலும் ஓட்டுங்கள். பிறகு லொக்கின் செய்த பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் மறைபுலத்தை மாற்றி மூன்று தடவை அனுப்புங்கள்: டோக்கன் இல்லாமல், ஓர் எழுத்து மாற்றி, இன்னொரு பயனாளரின் சரியான டோக்கனோடு. மூன்றாவது ஏற்கப்பட்டால் உங்கள் டோக்கன் செஷனோடு கட்டப்படவில்லை. திருடன் தன் பெயரில் ஒரு கணக்குத் திறந்து டோக்கன் எடுத்துக்கொள்வான்.