கலிப்பர் வாங்கப் போகும்போது ரிம்மையும் கொண்டுபோங்கள்

கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழைய நான்கு பிஸ்டன் கலிப்பர் (பிரேக் டிஸ்க்கை இரு பக்கமும் பேட்டால் கவ்விப் பிடிக்கும் பாகம்) பார்க்கப் போனால், உங்கள் ரிம் ஒன்றையும் வண்டியில் போடப்போகும் டிஸ்க்கையும் டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். ரிம்மின் உட்பக்கத்தில் டிஸ்க்கைச் சரியாக உட்காரவைத்து, பேட் விளிம்பு டிஸ்க் விளிம்போடு சேரும்படி கலிப்பரைப் பிடித்து, ரிம்மை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். ஸ்போக்கில் உரசுமா என்று காசு கொடுக்கமுன்னரே தெரிந்துவிடும். 17 இஞ்சி என்றால் எல்லாம் பிடிக்கும் என்று கடைக்காரர் சொல்லுவார். அந்த அளவு ரிம்மின் விட்டம் மட்டுந்தான்; ஸ்போக் எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது என்பதை அது சொல்லாது. சக்கரம் ஆடாமல் இருக்க ரிம்மின் உள்ளே ஒட்டியிருக்கும் பலன்சிங் ஈயத்தையும் பாருங்கள், அதுவும் இடிக்கும்.

நகரும் வகைக் கலிப்பருக்கு (பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் இருந்து, உடலே பக்கவாட்டில் நகர்வது) இந்தச் சோதனை தேய்ந்த பேட்டோடு சரிவராது: புதுப் பேட் போட்டதும் அதன் உடல் ஸ்போக் பக்கம் தள்ளும். போல்ட் இடைவெளி, மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது பிரேக் எண்ணெயைத் தள்ளும் பாகம்) பொருத்தம் வேறு கணக்கு. டொயோட்டா அக்வா, பிரியஸ் ஹைபிரிட்காரர் இந்தக் கலிப்பர் மாற்றும் வேலைக்கே போகவேண்டாம். அவற்றில் பிரேக் அழுத்தத்தைக் கணினிதான் பங்கிடுகிறது.