வீட்டு ஜல்லிப் பாதை: கல் வாங்கும் முன் குடை எடுங்கள்

ஏற்காடு மஞ்சக்குட்டையில் எங்கள் வீட்டுக் கேட்டிலிருந்து போர்டிகோ வரை 60 அடி ஏற்றம், 10 அடி அகலம். குடிவந்த வருடமே, குழி குழியாக இருக்கிறதே என்று முக்கால் அங்குல ஜல்லியை இறக்கிப் பரப்பினேன். ஐப்பசி மழை முடிந்தபோது பாதி ஜல்லி கேட்டுக்கு வெளியே தார் ரோட்டில் கிடந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சாலைப் பணியாளராக இருந்தவர். "கல்லு பத்தலைன்னு யாருங்க சார் சொன்னது? தண்ணி எப்படிப் போகுதுன்னு பாத்தீங்களா?" என்றார்.

அடுத்த மழையில் குடையோடு போய் நின்றேன். மேட்டுக் காப்பித் தோட்டத்துத் தண்ணீர் நேரே பாதையில் இறங்கி, டயர்த் தடம் இரண்டையும் வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடியது. நுழையும் இடத்திலும் தேங்கும் இடத்திலும் குச்சி நட்டேன். அந்தக் குச்சிகள்தான் என் வரைபடம்.

முதலில் மேட்டுப் பக்கம் ஓரடி அகலம், முக்காலடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, தண்ணீரைப் பாதைக்கு வராமல் திருப்பினோம். அப்புறம் குழிகள். மேலாகக் கல்லைப் போட்டு மூடினால் அடுத்த மழையிலேயே பெயர்ந்துவிடும். குழியின் அடிவரை கடப்பாரையால் கொத்தி, ஓரத்தைச் செங்குத்தாக வெட்டி, மூன்று அங்குலம் மூன்று அங்குலமாக நிரப்பிக் குத்த வேண்டும்.

வெறும் ஜல்லி கால்பட்டால் நகரும். இரண்டு பங்கு ஜல்லிக்கு (முக்காலும் அரையும் கலந்து) ஒரு பங்கு கிரஷர் தூசி (கல் உடைக்கும்போது விழும் பொடி), ஒட்டுவதற்குக் கொஞ்சம் செம்மண். செம்மண் கூடினால் சேறுதான். ஆற்றுக் கூழாங்கல் வேண்டவே வேண்டாம், உருண்டைக் கல் ஒன்றையொன்று பிடிக்காது.

ஈரப்பதம் முக்கியம். புட்டு மாவு மாதிரி பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அந்தப் பதத்தில் திம்மிசுக் கட்டையால் குத்தி இறுக்கினோம். வாடகைக்குக் குத்தும் இயந்திரம் கிடைத்தால் முதுகு பிழைக்கும்.

நடுப்பகுதி ஓரத்தைவிட இரண்டரை அங்குலம் உயரமாக, ஆமை முதுகு போல இருக்கட்டும். கயிறு கட்டி அளந்துவிடுங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

கணக்கு எளிது. 60க்கு 10 அடி, இரண்டு அங்குல கனம் என்றால் 100 கன அடி, அதாவது ஒரு யூனிட். குத்தினால் அமுங்கும் என்பதால் கால் யூனிட் கூடச் சொன்னேன். கோடை மழை பெய்து மண் நனைந்த பிறகு செய்வது நல்லது. ஆனால் மே மாதக் கோடை விழா நாட்களில் லாரியை வரச் சொல்லாதீர்கள். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவையும் கூட்டத்தோடு ஏறி வர வேண்டும்.

இப்போது பராமரிப்பு மட்டும்தான். மழை விட்ட மறுநாள், ஈரம் காயும் முன், ஓரத்துக்குப் போன ஜல்லியைப் பல்வாரியால் நடுவுக்கு இழுத்துவிடுகிறேன். சில்வர் ஓக் சருகை வாரம் ஒருமுறை அள்ள வேண்டும், மக்கினால் புல் முளைக்கும். வாய்க்காலையும் அடைக்கும். காரை ஒரே தடத்தில் ஓட்டாமல் கொஞ்சம் தள்ளித் தள்ளி ஓட்டினால் பள்ளம் விழாது. இதை என் மகனிடம் மூன்று வருடமாகச் சொல்கிறேன்.