எஸ்தோனிய ஃபோக் மெட்டல்: புதிதாகக் கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாட்டுப்பாடலையும் நாட்டுக் கருவிகளையும் மெட்டல் ராக்கோடு கலக்கும் ஃபோக் மெட்டல் பிடித்தவர்கள் பெரும்பாலும் பின்லாந்துக் குழுக்களைக் கேட்டு முடித்த பிறகுதான் எஸ்தோனியா பக்கம் வருவார்கள். அங்கே முதலில் காதில் விழும் பெயர் மெட்ஸாதொல். 1999-இல் தொடங்கிய குழு. எஸ்தோனிய மொழியில்தான் பாடுகிறது. கேட்பவர்களில் பலர் இரண்டு பாட்டோடு நிறுத்திவிடுவார்கள். "ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது" என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை.

பாட்டின் அமைப்பு தெரியாமல் கேட்பதால் வரும் குறை இது. இந்தக் குழுவின் பல பாட்டுகளுக்கு அடித்தளம் ரெகிலௌல் என்னும் பழைய நாட்டுப்பாடல் வடிவம். அதில் வரிக்கு எட்டு சிலபிள். மெட்டு நாலைந்து சுரங்களுக்குள்ளேயே சுற்றி வரும். தலைப்பாடகர் ஒரு வரி பாட, அந்த வரியின் கடைசி ஒன்றிரண்டு சிலபிளிலேயே கூட்டம் சேர்ந்துகொண்டு முழு வரியையும் திரும்பப் பாடும். வரி முடிவில் இயைபைத் தேடினால் ஏமாற்றம்தான், ஏனென்றால் பாட்டைக் கட்டி நிறுத்துவது மோனை. தமிழ்க் காதுக்கு இது பெரிய வசதி. அதனால் முதல் தடவை கேட்கும்போது கிட்டாரை விட்டுவிட்டு, குரலை மட்டும் பிடித்து எட்டு எண்ணிப் பாருங்கள். டிரம்ஸ் எங்கே அந்த எட்டோடு சேர்ந்து போகிறது, எங்கே வேண்டுமென்றே விலகுகிறது என்பது பிடிபடும். எல்லாப் பாட்டும் இந்த அச்சில் வராது. நாட்டுப்பாடல் வடிவம் இல்லாத மெட்டல் பாட்டுகளும் ஆல்பத்தில் உண்டு. அவற்றில் எண்ணிக்கை தவறினால் உங்கள் காதைக் குறை சொல்ல வேண்டாம்.

அடுத்த தவறு, பாடல் வரிகளை மொத்தமாக மொழிபெயர்ப்புச் செயலியில் கொட்டுவது. இரண்டாவது வரியிலேயே உளறல் தொடங்கிவிடும். காரணத்தை ஒரு பழைய நாட்டுப்பாடலின் முதல் இரண்டு அடிகளில் பார்க்கலாம்:

குய் மா ஹக்கன் லௌலெமாயே,
லௌலெமாயே, லஸ்கெமாயே

"நான் பாடத் தொடங்கினால், பாடத் தொடங்கினால், குரலை அவிழ்த்துவிடத் தொடங்கினால்" என்பது பொருள். பாடுவதற்கு இன்றைய எஸ்தோனியச் சொல் லௌல்மா. எட்டு சிலபிள் நிரம்ப வேண்டும் என்பதால் பாட்டில் அது லௌலெமாயே என்ற பழைய நீண்ட வடிவத்தில் வருகிறது. செயலிக்கு இன்றைய வடிவம்தான் பழக்கம். இரண்டாவது அடி புதிதாக எதையும் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். முதல் அடியின் கருத்தையே வேறு சொல்லால் மறுபடி சொல்கிறது. உங்களுக்கான சாவி இதுதான். தெரியாத சொல் வந்தால் முன்னும் பின்னும் உள்ள அடியில் அதன் இணைச்சொல்லைத் தேடுங்கள், பாதிப் பொருள் அங்கேயே கிடைத்துவிடும். மிச்சத்துக்கு எஸ்தோனிய மொழி நிறுவனத்தின் இணைய அகராதியான சொனவேப் இருக்கிறது. பதினான்கு வேற்றுமை உள்ள மொழி என்பதால், உருபைக் கழற்றிவிட்டு அடிச்சொல்லைத் தேடுவது நல்லது.

தேடும்போது புள்ளிகளை விட்டுவிடாதீர்கள். குழுவின் பெயரை Metsatöll என்று எழுதுவார்கள், அதில் ஓ (o) எழுத்தின் மேல் இரண்டு புள்ளி உண்டு. ஓ மேல் அலைக்கோடு (õ) போட்டால் அது வேறு எழுத்து, வேறு ஒலி. அந்த அலைக்கோட்டு ஒலியை 'ஓ' என்று படிப்பதும் தவறு. 'பாட்டு', 'காசு' என்று பேசும்போது கடைசியில் வருகிற குற்றியலுகரத்தை வாயைச் சற்று அதிகம் திறந்து சொன்னால் ஏறக்குறைய வந்துவிடும்.

இனி ஒலி. குழுவில் லௌரி ஓனாபூ (Lauri Õunapuu) வாசிக்கும் தொருபில் கருவியை, அதாவது எஸ்தோனியப் பைக்குழலை, கீபோர்டு என்று நினைப்பவர்கள் அதிகம். கடலோரத்திலும் தீவுகளிலும் சீல் என்னும் கடல் விலங்கின் இரைப்பையில் பை செய்த கருவி அது. மெட்டு வாசிக்க ஒரு குழல், விடாமல் ஒலிக்கும் சுருதிக்குழல் ஒன்றோ இரண்டோ. பையிலிருந்து காற்று நிற்காமல் வருவதால் இரண்டு சுரங்களுக்கு நடுவே மௌனம் விட முடியாது. ஒரே சுரத்தை இரண்டு முறை வாசிக்க, நடுவில் விரலால் இன்னொரு சுரத்தைத் தொட்டுவிட்டு வர வேண்டும். அந்தச் சின்னத் துடிப்பைக் கேட்டால் கீபோர்டு சந்தேகம் போய்விடும். போன் ஸ்பீக்கரில் சுருதிக்குழல் காணாமல் போகும். பாஸ் பூஸ்ட் போட்டாலோ கிக் டிரம்மும் பாஸ் கிட்டாரும் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஈக்வலைசரை அணைத்துவிட்டு, ஹெட்போனில் நடுத்தர ஒலியில் கேளுங்கள். அதற்கு முன் தொருபில், கன்னெல் (எஸ்தோனிய நரம்புக் கருவி) தனி வாசிப்புகளைப் பத்து நிமிடம் கேட்டு வந்தால் இன்னும் நல்லது.

வைக்கிங் மெட்டல் என்று இதற்கு முத்திரை குத்தாதீர்கள். இந்தப் பாட்டுகளின் சண்டை பெரும்பாலும் சிலுவைப்படைக்கு எதிரானது. எஸ்தோனியத் தலைவன் லெம்பிட்டு போரில் விழுந்த 1217, புனித ஜார்ஜ் இரவு எழுச்சி நடந்த 1343, இந்த இரண்டு ஆண்டுகளும் நினைவிலிருந்தால் வரிகள் பிடிபடும்.

பழமை ஒலித்தாலே பழையது என்று நம்புவதும் பிழை. 2006-இல் எஸ்தோனியத் தேசிய ஆண்கள் பாடகர் குழுவோடு மெட்ஸாதொல் வெளியிட்ட பதிவின் பெயர் 'ரௌவா நேத்மினே', இரும்புக்கு இடும் சாபம். அந்தப் படைப்பை எஸ்தோனிய இசையமைப்பாளர் வெல்யோ தோர்மிஸ் எழுதியது 1972-இல், சோவியத் ஆட்சிக் காலத்தில். பின்லாந்துக் காவிய வரிகளோடு இருபதாம் நூற்றாண்டுக் கவிஞர்களின் வரிகளையும் சேர்த்த போர் எதிர்ப்புப் படைப்பு அது. சடங்குப் பாட்டு என்று கேட்டால் அந்தக் கோபம் தவறிப்போகும்.

ஆல்பங்களை எந்த வரிசையில் கேட்பது என்றால், முதலில் 2004-இன் 'ஹீயெகோதா', பிறகு 2008-இன் 'ஈவாகிவி', அதன்பின் 2006 பதிவு. 2005 ஆல்பத்தின் தலைப்பில் உள்ள 10218 என்ற எண்ணைப் பதிவு எண் என்று நினைக்க வேண்டாம். எஸ்தோனியத் தொல்சமயத்தினர் கி.மு. 8213-இலிருந்து ஆண்டு எண்ணுகிறார்கள். அந்தக் கணக்கில் 10218 என்பது 2005. எந்த ஆல்பமானாலும் ஷஃபிளை அணைத்துவிட்டு முதல் பாட்டிலிருந்து கேளுங்கள்.