மழைக்காலத்தில் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் துடைத்துப் பராமரிக்கும் முறை

குடகு மலையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழையின் ஈரம், வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கும் துப்பாக்கியையும் விட்டுவைப்பதில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை நின்றுவிட்டாலும், முன்பு வேட்டைக்குப் பயன்பட்ட 12 போர் (bore, குழலின் உள்விட்ட அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கிகள், குடகின் பூர்வகுடிகளான கொடவர் வீடுகளில் இன்றும் இருக்கின்றன. ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வேட்டும், இறப்பு நேர்ந்தால் இரண்டு வேட்டும் போடுவது அவர்களுடைய வழக்கம். செப்டம்பர் 3ஆம் நாள் கைல்போள்து திருநாளில் ஆயுதங்கள் பூசையில் வைக்கப்படுகின்றன. இப்படி எப்போதாவது மட்டும் சுடப்பட்டு, மற்ற நாளெல்லாம் ஈரக்காற்றில் இருக்கும் துப்பாக்கியைக் கெடுப்பது பெரும்பாலும் துருதான். ஆகவே, சுட்ட பிறகு மட்டும் துடைத்தால் போதும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, சுடாத காலத்திலும் துடைக்கும் பழக்கத்தைத் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. தோட்டா இல்லை என்பதை உறுதி செய்தல்

துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கு முன்பே தோட்டாக்கள் அனைத்தையும் வேறொரு அறையில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். பிறகு, குழலின் வாய் ஆள் இல்லாத திசையைப் பார்த்திருக்க, விரல் விசையைத் தொடாமல் இருக்க, மேல் நெம்புகோலைத் தள்ளித் துப்பாக்கியை மடித்துத் திறந்து, இரண்டு தோட்டா அறைகளையும் கண்ணால் பார்க்க வேண்டும். வெளிச்சம் குறைவாக இருந்தால் சுண்டுவிரலை உள்ளே விட்டும் பார்க்க வேண்டும். பாதுகாப்புப் பூட்டு போட்டிருக்கிறது என்பதை நம்பி இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது. நேற்று நீங்களே வெறுமையாக்கி வைத்த துப்பாக்கியாக இருந்தாலும் இன்று மீண்டும் பார்க்கத்தான் வேண்டும். குழலின் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி என்றால் உள்ளே மருந்து இருப்பது பின்னாலிருந்து தெரியாது என்பதால், தொடங்குபவர் அதைத் தாமே சோதிக்க முயலாமல், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டி உறுதி செய்துகொள்வதே சரி.

2. தேவையான பொருட்கள்

மரத்தாலோ பித்தளையாலோ ஆன துடைப்புக் கம்பி, 12 போர் குழலுக்கு உரிய வெண்கல பிரஷ், கம்பளி முனை, சதுரமாக வெட்டிய பழைய பருத்தி வேட்டித் துணி, குழல் கழுவும் திரவம், துப்பாக்கி எண்ணெய், சிறிது கிரீஸ், ஒரு பழைய பல் பிரஷ் ஆகியவை போதும். வீட்டில் கைக்குக் கிடைக்கிறது என்பதற்காகத் தேங்காய் எண்ணெயைப் பூசுவது தவறு. மலைக்குளிரில் அது உறைந்துவிடும், மற்றச் சமையல் எண்ணெய்களோ நாளடைவில் பிசினாகிவிடும். உப்புத்தாளும் இரும்பு நாரும் குழலின் கருநீலப் பூச்சைச் சுரண்டிவிடும் என்பதால் அவற்றையும் தொட வேண்டாம். காற்றோட்டமான இடத்தில், அடுப்பிலிருந்து விலகி, சாப்பாட்டு மேசையைத் தவிர்த்து வேலையைச் செய்யுங்கள்; வேலை முடிந்ததும் ஈயப் படிவு போகச் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

3. மூன்று பகுதிகளாகப் பிரித்தல்

முன்கட்டையின் அடியிலோ நுனியிலோ உள்ள தாழ்ப்பாளை விடுவித்து அதைக் கழற்றிய பின், மேல் நெம்புகோலைத் தள்ளி மடித்தால் குழல்கள் கொக்கியிலிருந்து விலகி வந்துவிடும். முன்கட்டை, குழல்கள், அடிக்கட்டையோடு சேர்ந்த இயந்திரப் பகுதி என இந்த மூன்றுக்கு மேல் வீட்டில் எதையும் பிரிக்க வேண்டாம். பக்கத் தகடுகளின் திருகுகளைச் சாதாரணத் திருப்புளியால் திருகினால் தலை சிதையும். உள்ளே இருக்கும் விற்சுருளைத் திரும்பப் பொருத்துவதற்குத் தனிப் பழக்கமும் கருவியும் வேண்டும்.

4. குழலின் உட்புறம்

வேலையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. கம்பியை எப்போதும் தோட்டா அறைப் பக்கமிருந்து நுழைத்து வாய்ப்பக்கம் தள்ள வேண்டும். அப்போதுதான் அழுக்கு வெளியே போகும், வாயின் விளிம்பும் தேயாது. முதலில் உலர்ந்த துணியால் மேலோட்டமான கரியைத் தள்ளிவிட்டு, திரவத்தில் நனைத்த துணியை ஓட்டி, பத்து நிமிடம் ஊற விடுங்கள். பிறகு வெண்கல பிரஷை வாய்க்கு வெளியே முழுவதும் வரும்வரை தள்ளி, அதன் பிறகே திரும்ப இழுங்கள். குழலின் நடுவில் திசை மாற்றினால் இழைகள் மடங்கிப் போகும். தோட்டா அறை முடிந்து குழல் குறுகும் இடத்தில், தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் அடைப்பின் படிவும் ஈயக் கீற்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், அந்த இடத்துக்குக் கூடுதலாகச் சில முறை பிரஷ் ஓட்டுவது நல்லது. துணி வெள்ளையாகவே வெளிவரும்வரை மாற்றி மாற்றித் துடைத்து, கழற்றிய குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிறக் கோடு தெரிந்தால் வேலை முடியவில்லை. சிறு குழிகள் தெரிந்தால் அது துரு அரித்த இடம், அதைத் தேய்த்துச் சரி செய்ய முயல வேண்டாம். கடைசியாக, லேசாக எண்ணெய் தொட்ட கம்பளி முனையை ஒரு முறை ஓட்டினால் போதும்.

கரிமருந்து எனப்படும் பழைய வகைக் கறுப்பு வெடிமருந்தைச் சுட்ட குழலுக்கு எண்ணெய் மட்டும் உதவாது. அதன் கழிவு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி ஓரிரவில் துருவை உண்டாக்கக்கூடியது. பழைய தோட்டாக்களின் அடியில் இருந்த, பொட்டாசியம் குளோரேட் கலந்த பற்றவைப்பு மருந்தும் அப்படியே ஓர் உப்பை விட்டுச் செல்கிறது. உப்பு எண்ணெயில் கரையாது, நீரில் கரையும். எனவே, சுட்ட அன்றே, கழற்றிய குழலை மட்டும் சூடான நீரால் கழுவி, அந்தச் சூட்டிலேயே நன்றாக உலர்த்தித் துடைத்து, பிறகு எண்ணெய் இட வேண்டும்.

5. இயந்திரப் பகுதியும் மரமும்

தோட்டாவை வெளியே தள்ளும் தகட்டின் அடியிலும், சுடும் ஊசிகள் வெளிவரும் துளைகளைச் சுற்றியும் சேரும் கரியைப் பல் பிரஷால் நீக்குங்கள். குழல் சுழலும் அச்சிலும் கொக்கியிலும் அரிசி அளவு கிரீஸ் போதும். இங்கே அதிகமாக எண்ணெய் விடுவதுதான் புதியவர்கள் துப்பாக்கிக்குச் செய்யும் பெரிய தீங்கு: மிஞ்சிய எண்ணெய் மெல்ல வழிந்து அடிக்கட்டையின் தலைப்பகுதியில் ஊறி, மரத்தைக் கறுக்க வைத்து மென்மையாக்கிவிடும். மரத்துக்கு உலர்ந்த துணியும், ஆண்டுக்கு ஓரிரு முறை உள்ளங்கையால் தேய்த்துவிடும் சில துளி ஆளிவிதை எண்ணெயுமே போதுமானவை.

6. பூட்டி வைத்தல்

துப்பாக்கியைப் பொருத்திய பின் உலோகம் முழுவதையும், குறிப்பாக இரு குழல்களும் இணையும் நடுப்பட்டையின் ஓரங்களையும், எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, அதற்குப் பிறகு வெறும் கையால் தொடாமல் வையுங்கள், ஏனென்றால் விரல் வியர்வையின் உப்பும் துருவைக் கொண்டுவரும். தோல் உறையும் பிளாஸ்டிக் பையும் ஈரத்தைப் பிடித்து வைப்பதால், பயணத்துக்கு அன்றி அவற்றில் வைக்கக் கூடாது. பூட்டுள்ள இரும்பு அலமாரியில், சிலிகா ஜெல் பையோடு, மென்மையான துணியின் மேல் வாய்ப்பக்கம் கீழாக நிறுத்தினால் எண்ணெய் மரத்துக்குள் இறங்காது. மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும் மற்ற மாதங்களில் மாதம் ஒரு முறையும் எடுத்துத் துடைத்தால் போதும். சிலிகா ஜெல்லையும் அவ்வப்போது உலர்த்தி வைக்க வேண்டும். குழல் வாயைத் துணியால் அடைத்து வைக்கும் வழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். கைல்போள்து நாளில் குழல் வாயில் செருகும் செங்காந்தள் பூவையும் அன்றே எடுத்துவிட்டு, காம்புத் துணுக்கோ ஈரமோ தங்காமல் துடைப்பது அவசியம்.

அடுத்த முறை சுடுவதற்கு முன், தோட்டா இல்லாத குழல்களை வெளிச்சத்தில் பார்த்து அடைப்பு எதுவும் இல்லை என்று உறுதி செய்து, உலர்ந்த துணியால் எண்ணெயை முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும். சிறிய அடைப்பும் குழலைப் பிளக்கப் போதுமானது. குழலில் குழியோ வீக்கமோ நசுங்கலோ தெரிந்தாலும், மூடிய பிறகு இணைப்பு ஆடினாலும், உங்கள் தோட்டாவின் நீளம் அந்தப் பழைய துப்பாக்கியின் தோட்டா அறைக்குப் பொருந்துமா என்ற ஐயம் இருந்தாலும், சுடாமல் நிறுத்திவிட்டு, 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் துப்பாக்கிக்குரிய ஆவணங்களோடு கொண்டு போய்க் காட்டுங்கள்.