லோடு வண்டி எடுக்கப் போறீங்களா? பெட்ரோலா டீசலானு இப்படி முடிவு பண்ணுங்க

நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் யாராச்சும் லோடு வண்டி எடுக்கறேன்னு சொன்னா உடனே சுத்தி இருக்கறவங்க "டீசல் எடுப்பா, அதுதான் இழுக்கும்"னு சொல்லிடறாங்க. அது பாதி உண்மைதாங்க. என்னைக் கேட்டா ஷோரூமுக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டே கேள்விக்கு பதில் தெரிஞ்சிருக்கணும், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடப் போகுது, லோடோட மேடு ஏறப் போறீங்களா இல்ல இறங்கப் போறீங்களா. இது தெரியாம புக்கிங் அட்வான்ஸ் கட்டாதீங்க.

பெரிய வண்டிய முதல்ல ஓரம் கட்டிடலாம். 407, ஈச்சர், டிப்பர், கிரானைட் கல் ஏத்தற ட்ரெய்லர் இதுக்கெல்லாம் பெட்ரோல்ங்கற பேச்சே இல்ல, டீசல்தான். அமெரிக்கால பெரிய பெரிய பிக்கப் எல்லாம் பெட்ரோல்ல ஓடுதேனு யூடியூப் பாத்துட்டு கேக்கறாங்க, ஓடுது, ஃபோர்டு சூப்பர் டூட்டில 7.3 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சினே 2020 மாடல்ல இருந்து வருது, ஆனா அங்க டீசல் பெட்ரோலைவிட விலை ஜாஸ்தி, டீசல் எஞ்சின் வேணும்னா வண்டி விலையும் நல்லா ஏறும், அதனால அவங்க கணக்கு வேற. நமக்கு டீசல் லிட்டருக்கு எட்டு ஒம்போது ரூபா கம்மி. அந்த வீடியோவ வச்சு இங்க முடிவு எடுக்க முடியாது.

நிஜமாவே யோசிக்க வேண்டியது சின்ன வண்டிலதான். டாடா ஏஸ், நாம குட்டி யானைனு சொல்றது, 2005ல டீசல்ல வந்துச்சு, 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்கற புது புகை விதி வந்தப்புறம் பெட்ரோல்லயும் கிடைக்குது. மாருதி சூப்பர் கேரில அதுக்கு நேர் எதிரா டீசலையே நிறுத்திட்டாங்க, இப்ப பெட்ரோலும் சிஎன்ஜியும்தான். மஹிந்திரா பொலேரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த் சைஸுக்குப் போனா மறுபடி டீசல் ராஜ்ஜியம்.

இப்ப கணக்குக்கு வருவோம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டர், டீசல் 19, ரேட்டு 101, 93னு வச்சுக்கோங்க. பெட்ரோலுக்கு கிலோமீட்டருக்கு 6 ரூபா 73 பைசா, டீசலுக்கு 4 ரூபா 89 பைசா, வித்தியாசம் 1 ரூபா 84 பைசா. டீசல் வண்டி ஒரு லட்சம் கூடன்னா அந்த ஒரு லட்சத்த மிச்சம் பிடிக்க 54 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியாகணும். தினம் 150 கிலோமீட்டர், மாசம் 25 நாள் ஓட்டறவருக்கு அது ஒண்ணேகால் வருசத்துல முடிஞ்சிடும், அப்புறம் வர்றதெல்லாம் லாபம். அதே ஊருக்குள்ளயே தண்ணி கேன் போடறவரு, மளிகை சப்ளை பண்றவரு, தினம் 40 கிலோமீட்டர்தான்னா நாலரை வருசம் ஆகும், அதுவரைக்கும் அந்த ஒரு லட்சத்துக்கு ஃபைனான்ஸ் வட்டி வேற கட்டிட்டு இருப்பாரு. உங்களுக்கு சொன்ன விலைய, உங்க பங்க் ரேட்ட போட்டு இதே மாதிரி போட்டுப் பாருங்க, அஞ்சு நிமிசம் வேலை. மைலேஜ மட்டும் கம்பெனி சொல்றத எடுக்காதீங்க, அதே வண்டிய லோடோட ஓட்டற ஒருத்தர்கிட்ட கேட்டு அவர் சொல்றதப் போடுங்க.

அடுத்தது மேடு. இத எல்லாரும் லேசா விட்டுடறாங்க, எனக்கு இதுதான் பெரிய விஷயமா படுது. பாலக்கோட்டுலயோ ராயக்கோட்டைலயோ தக்காளி ஏத்திட்டு பெங்களூர் போறீங்கன்னா லோடோட ஏறிக்கிட்டே போறீங்க, தர்மபுரி கடல் மட்டத்துல இருந்து 450 மீட்டர் சொச்சம், ஓசூர் கிட்டத்தட்ட 900. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் 300 மீட்டர் ஏறினா சுமார் மூணு சதவீதம் பவர் விடும், டர்போ டீசலுக்கு அது அவ்வளவா தெரியாது, அதோட டீசலுக்கு கம்மி ஆர்பிஎம்லயே இழுவை வந்துடும், பொலேரோ பிக்கப் 200 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்த சுத்தற இழுவை, குடுக்குது, பெட்ரோல் ஏஸ் 55தான். ஒரு தக்காளி கிரேட் 25 கிலோனு வச்சா 60 கிரேட்டு ஒன்றரை டன், அத முக்கால் டன் பக்கம் பாஸிங் (ஆர்சில அனுமதிச்ச லோடு) இருக்கற வண்டில போட்டு ஏத்தினா எஞ்சின் மட்டும் இல்ல, கிளட்ச், ஸ்பிரிங் பட்டை எல்லாம் போயிடும். அதுக்கு பிக்கப் சைஸ் டீசல்தான் சரி. வத்தல்மலை, அஞ்செட்டி மாதிரி மலை ரோட்டுலயே பொழப்புன்னா யோசிக்கவே வேண்டாம், டீசல். ஆனா இதுல ஒண்ணு, டீசல்னு எழுதியிருந்தா போதும்னு நினைக்காதீங்க, ஏஸ் டீசல் ரெண்டு சிலிண்டர் சின்ன எஞ்சின், அதுக்கிட்ட பிக்கப் இழுவைய எதிர்பாக்க முடியாது.

சேலம் பக்கம் லோடு அடிக்கறவங்களுக்கு தலைகீழ். தொப்பூர் கணவாய்ல லோடோட இறங்கணும், காலி வண்டியா ஏறணும். அங்க இழுவைய விட பிரேக்குதான் முக்கியம். பெட்ரோலோ டீசலோ, எந்த கியர்ல ஏறுவீங்களோ அந்த கியர்லயே இறங்குங்க. டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விடாதீங்க, எஞ்சின் பிடி போயிடும், முழு வெயிட்டும் பிரேக் மேல விழும், சூடாகி பிரேக் பிடிக்காமப் போகும். தொப்பூர்ல எத்தனை உயிர் போயிருக்குனு நம்ம ஊர்க்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல.

இப்ப பிஎஸ்6 டீசல் பத்தி, ஏன்னா பழைய டீசல் வண்டி ஓட்டின பழக்கத்துல இத ஓட்டினா செலவு வரும். சைலன்ஸர் லைன்ல டிபிஎஃப்னு ஒரு வடிகட்டி இருக்கு, கரி அதுல தங்கும், வண்டி ஒரே சீரா கொஞ்ச நேரம் ஓடி புகை 600 டிகிரி கிட்ட சூடானாதான் அந்த கரி எரிஞ்சு சுத்தமாகும். பஸ் ஸ்டாண்டுல இருந்து மார்க்கெட்டு, மார்க்கெட்டுல இருந்து குடோன், ரெண்டு ரெண்டு கிலோமீட்டரா ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணி ஓட்டினா அது எரியவே எரியாது, மீட்டர்ல லைட்டு போடும். லைட்டு வந்த அன்னைக்கே கிருஷ்ணகிரி ஓசூர் ரோடு மாதிரி நேர் ரோட்டுல இருபது நிமிசம் ஒரு கியர் கம்மியா வச்சு நிறுத்தாம ஓட்டிட்டு வந்தா பெரும்பாலும் அணைஞ்சிடும். விட்டுட்டீங்கன்னா வண்டி பவர் குறைஞ்சு ஊர ஆரம்பிக்கும், அப்புறம் ஸ்கேனர் இருக்கற இடத்துக்குத்தான் போகணும், ரோட்டோர மெக்கானிக்கால ஒண்ணும் பண்ண முடியாது. ஆயிலும் இதுக்குனு இருக்கற, சாம்பல் கம்மியா விடற லோ ஆஷ் ஆயில்தான் ஊத்தணும். அதனாலதான் சொல்றேன், டவுனுக்குள்ளயே சுத்தற வண்டிக்கு பெட்ரோல்தான் நிம்மதி.

கொஞ்சம் பெரிய வண்டிங்கன்னா நீல மூடி போட்ட டிஇஎஃப் டேங்க், அதாவது புகைய சுத்தம் பண்ற திரவம் ஊத்தற டேங்க், இருக்கும். அதுல 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி மினரல் நீக்கின தண்ணி. வயலுக்குப் போடற யூரியாவ கரைச்சு ஊத்தலாம்னு யாராச்சும் சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க, நம்ம உர யூரியா வேப்ப எண்ணெய் பூசினது, நாஸில் அடைச்சு கேட்டலிஸ்ட் போச்சுன்னா சேமிச்ச காசு மாதிரி பல மடங்கு போயிடும்.

பெட்ரோல்லயும் பாக்க வேண்டியது இருக்கு. இப்ப பங்க்ல வர்றது எத்தனால் 20 சதவீதம் கலந்தது, எத்தனால்ல சக்தி கம்மி, மைலேஜ் கொஞ்சம் குறையும், தண்ணியும் உறிஞ்சும். மாங்கா சீசனுக்கு மட்டும் ஓட்டிட்டு மாசக்கணக்கா நிறுத்தி வைக்கறவங்க டேங்க்ல பழைய பெட்ரோல விட்டு வைக்காதீங்க. சிஎன்ஜி பங்க் உங்க ரூட்டுலயே இருந்தா அதையும் கணக்குல சேத்துக்கோங்க, சிலிண்டர் வெயிட்டு லோடுல கழியும்ங்கறத மட்டும் மறக்காதீங்க.

கடைசியா, பெட்ரோல் வண்டி பாக்கறீங்கன்னா டெஸ்ட் டிரைவ் காலி வண்டில குடுத்தா ஒத்துக்காதீங்க. பாஸிங் அளவுக்கு மூட்டை ஏத்தி, நீங்க தினம் போற ரூட்டுல இருக்கற மேட்டுல பாதில நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு மறுபடி கிளப்பிப் பாருங்க. பின்னாடி உருளாம, கிளட்ச் வாசம் வராம ஏறுச்சுன்னா இழுவைக்கு பெட்ரோலே உங்களுக்குப் போதும்.