பருவ முன்கணிப்பை வைத்து மின்னுற்பத்தி திட்டமிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், அடுத்த மூன்று மாதங்களுக்கான காற்றாலை உற்பத்தி அறிக்கையை அண்மையில் என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். "இந்தப் பருவத்தில் காற்று இயல்பான அளவில் இருக்கும்" என்பது அதன் முதல் வரி. பத்தாண்டுகளுக்கு முன் நான் எழுதிய முதல் அறிக்கையும் ஏறக்குறைய இதே வரியில்தான் தொடங்கியது. அதற்குக் கிடைத்த பரிசு என்ன என்பதைக் கீழே சொல்கிறேன். அலகை மாற்ற மறப்பது, தீர்க்கரேகையைத் தவறாக இடுவது போன்ற பிழைகளை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை வரைபடமே காட்டிக்கொடுத்துவிடும். எந்த வரைபடத்திலும் தெரியாமல், பணம் போன பிறகே தெரியவரும் தவறுகள்தான் இங்கே முக்கியம்.

51 ஓட்டங்களை ஓர் எண்ணாகச் சுருக்குவது

அன்றாட வானிலை முன்னறிவிப்புக்கு ஏறக்குறைய பத்து முதல் பதினைந்து நாள்களே எல்லை. அதற்கு அப்பால் எந்த நாளில் எவ்வளவு காற்று வீசும் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆனால் கடலின் மேற்பரப்பு வெப்பம், மண்ணின் ஈரம், பனிப்படலம் போன்றவை மெதுவாக மாறுவதால், வரும் பருவம் எந்தப் பக்கம் சாயக்கூடும் என்று ஓரளவு சொல்ல முடியும். இந்தச் சாய்வை அறியவே, ஐரோப்பிய நடுத்தர கால வானிலை முன்கணிப்பு மையம் ஒவ்வொரு மாதமும் தன் கணினி மாதிரியைச் சிறுசிறு மாற்றங்களோடு 51 முறை ஓட்டி, ஏழு மாதங்களுக்கான விளைவுகளை வெளியிடுகிறது. 51 விடைகள் ஏன் தரப்படுகின்றன என்று யோசிக்காமல், அவற்றைக் கூட்டி 51ஆல் வகுத்து ஒரே விடையாக்குவதுதான் புதியவர் ஒவ்வொருவரும் முதலில் செய்யும் காரியம்.

நானும் அதைத்தான் செய்தேன். சராசரி இயல்பான காற்று வேகத்துக்கு மிக அருகில் வந்து நின்றது. "இயல்பு" என்று எழுதிக் கொடுத்தேன். அந்த அறிக்கையை நம்பிய நிறுவனம், எதிர்பார்த்த உற்பத்தியில் பெரும்பகுதியை முன்கூட்டியே நிலையான விலைக்கு விற்றுவிட்டது. பருவம் தொடங்கி மூன்றாவது வாரத்தில் காற்று விழுந்தது. விழுந்த காற்று வெகு நாள் எழவில்லை. ஒப்புக்கொண்ட அளவைக் கொடுப்பதற்காக அவர்கள் சந்தையில் மின்சாரம் வாங்க வேண்டியதாயிற்று. காற்று குறையும்போது ஒரு காற்றாலைக்கு மட்டும் குறைவதில்லை, வட்டாரம் முழுவதற்கும் குறைகிறது. எனவே எல்லாரும் வாங்க வரும் நேரத்தில், விலை உச்சத்தில் இருக்கும்போதுதான் நாமும் வாங்க நேர்கிறது. 2021இல் வடமேற்கு ஐரோப்பாவில் காற்று இயல்பைவிட வெகுவாகக் குறைந்தபோது எரிவாயு விலையும் ஏறிக்கொண்டிருந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பின்னர்தான் அந்த 51 ஓட்டங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். கடந்த ஆண்டுகளைக் குறைவு, நடு, அதிகம் என மூன்று சம பங்காகப் பிரித்து வைத்துப் பார்த்தால், 22 ஓட்டங்கள் குறைவான பங்கிலும், 20 ஓட்டங்கள் அதிகமான பங்கிலும், வெறும் 9 ஓட்டங்கள் நடுவிலும் விழுந்திருந்தன. ஆகவே நான் எழுதிய "இயல்பு" என்ற சொல், அந்த முன்கணிப்பு மிகக் குறைந்த வாய்ப்பைக் கொடுத்திருந்த விளைவைக் குறித்தது. மாதிரி தவறவில்லை, அது இரு பக்கமும் கை காட்டியபோது நான் இரண்டு கைகளுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டங்கள் எல்லாம் இயல்பைச் சுற்றி நெருக்கமாகக் குவிந்து நின்றாலும் சராசரி இயல்பாகவே வரும். அவை திசைக்கொன்றாகச் சிதறி ஒன்றையொன்று சரிக்கட்டினாலும் சராசரி இயல்பாகவே வரும். முதலாவது ஓர் உண்மையான செய்தி. இரண்டாவது, "எனக்குத் தெரியாது" என்று மாதிரி சொல்லும் முறை. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆகவே சராசரியைப் பார்க்கும் முன் பரவலைப் பாருங்கள். அந்தப் பரவல் கடந்த பல ஆண்டுகளின் இயற்கையான ஏற்றத்தாழ்வுக்குச் சமமாக இருந்தால், முன்கணிப்பு புதிதாக எதுவும் சொல்லவில்லை என்று வெளிப்படையாக எழுதுங்கள். அப்போதும் எழுத வேண்டிய சொல் "இயல்பு" அன்று. மூன்று பங்குகளுக்கும் சம வாய்ப்பு என்பதே.

இதே தவறு மற்றொரு வடிவத்திலும் வருகிறது. மாதச் சராசரி வேகத்தை எடுத்து, எந்த வேகத்தில் எவ்வளவு மின்சாரம் என்று காட்டும் காற்றாலையின் திறன் வளைவில் நேரடியாக இட்டு, உற்பத்தியைப் படித்துவிடுகிறார்கள். காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிப்பெருக்கத்தைப் பொறுத்தது. பாதி நேரம் நொடிக்கு 4 மீட்டரும் மீதி நேரம் 10 மீட்டரும் வீசினால் சராசரி 7. ஏழின் மும்மடி 343. ஆனால் 64ஐயும் 1000ஐயும் தனித்தனியே கணக்கிட்டுச் சராசரி எடுத்தால் 532 வரும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உற்பத்தி தாளிலேயே காணாமல் போகிறது. எப்போதும் குறைவாகவே வரும் என்றால் பாதுகாப்பான பிழை என்று விட்டுவிடலாம், அப்படியும் இல்லை. நொடிக்கு 12 மீட்டரில் முழுத் திறனை எட்டும் ஆலையில் பாதி நேரம் 9, மீதி நேரம் 17 மீட்டர் வீசினால், சராசரியான 13 மீட்டர் "முழுத் திறன்" என்று காட்டும். உண்மையில் கிடைப்பது ஏறக்குறைய 71 விழுக்காடு. முதலில் ஒவ்வோர் ஓட்டத்தையும் அதன் ஆறு மணி நேர அல்லது நாள் அளவிலான வேகங்களோடு மின்சாரமாக மாற்றுங்கள், அதன் பிறகு கூட்டுங்கள். வரிசையை மாற்றினால் விடை மாறிவிடும்.

இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனாலும் "சராசரி எவ்வளவு, அதை மட்டும் சொல்லுங்கள்" என்று கூட்டத்தில் எவராவது கேட்டவுடன், நன்கு அறிந்தவர்களே ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறார்கள். அந்த எண் அடுத்த நாள் ஒப்பந்தத்தில் ஏறிவிடுகிறது. சொல்லியே ஆக வேண்டுமென்றால், குறைவான பங்கு நேர்ந்தாலும் கொடுக்க முடிந்த அளவு எவ்வளவு என்பதைச் சொல்லுங்கள். உறுதியாக விற்க அதுவே ஏற்ற எண்.

45 விழுக்காட்டைத் தவறாகப் படிப்பது

"இயல்புக்கு மேல்: 45 விழுக்காடு" என்றால் காற்று 45 விழுக்காடு கூடும் என்று பொருளில்லை. வழக்கமாக 33ஆக இருக்கும் வாய்ப்பு 45ஆகியிருக்கிறது. இயல்புக்கு மேல் வராமல் போகும் வாய்ப்பு இன்னும் 55.

மாதிரியின் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது

உலகளாவிய மாதிரி பூமியைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது; ஒரு கட்டம் பல பத்து கிலோமீட்டர் அகலமுடையது. உங்கள் குன்றும் கணவாயும் அதற்குத் தெரியாது. எனவே அது ஒவ்வோர் ஆண்டும் ஒரே திசையில் தவறும். அந்த நிலையான சாய்வை, மாதிரியே கடந்த ஆண்டுகளுக்குத் திரும்ப ஓட்டிக் கொடுத்த பழைய கணிப்புகளை அளவீடுகளோடு ஒப்பிட்டு நீக்க வேண்டும். இதை எல்லாரும் படித்திருக்கிறார்கள், ஆனால் உயரத்தை மறக்கிறார்கள். பல தரவுத் தொகுப்புகளில் காற்று வேகம் தரையிலிருந்து 10 மீட்டரில் தரப்படுகிறது. ஆலையின் அச்சோ 100 மீட்டரிலோ அதற்கு மேலோ சுழல்கிறது. உயர விகிதத்தின் ஏழில் ஒரு பங்கு அடுக்காக வேகம் கூடும் என்ற வழக்கமான விதிப்படி, 10இலிருந்து 100 மீட்டருக்குப் போகும்போது வேகம் ஏறக்குறைய 39 விழுக்காடு கூடும். ஆற்றலோ இரண்டரை மடங்கைத் தாண்டும். அந்த விதியும் இரவுக்கும் பகலுக்கும், கடலுக்கும் காட்டுக்கும் மாறக்கூடியது. 100 மீட்டர் அளவு நேரடியாகக் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.

தேர்ச்சியைப் பார்க்காமல் நம்புவது

தேர்ச்சி என்பது பழைய கணிப்புகள் நடந்ததோடு எவ்வளவு பொருந்தின என்பதன் அளவு. மாதிரி எல்லா இடத்திலும் எல்லாப் பருவத்திலும் ஒரே அளவு திறமையாக இருப்பதில்லை. பசிபிக் கடலின் வெப்பம் நேரடியாகக் கைநீட்டும் வெப்பமண்டலப் பகுதிகளில் அதன் தேர்ச்சி பொதுவாக அதிகம். நடு அகலாங்குகளில், குறிப்பாகக் கோடையில், வெகுவாகக் குறையும். உங்கள் இடத்துக்கும், உங்கள் மூன்று மாதங்களுக்கும், காற்றுக்குத் தனியாக, பழைய கணிப்புகளின் தேர்ச்சி எவ்வளவு என்று பார்க்காமல் வரைபடத்தின் நிறத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்களை இன்னும் சந்திக்கிறேன். வெப்பநிலைக்குத் தேர்ச்சி உண்டு என்பதால் காற்றுக்கும் உண்டு என்று ஆகாது.

எல் நினோ என்றாலே விடை தெரியும் என்று நினைப்பது

தெரியாது. எல் நினோ, அதாவது பசிபிக் கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதி இயல்பைவிடச் சூடாவது, பகடையின் ஒரு பக்கத்தைச் சற்றுக் கனமாக்குகிறது, அவ்வளவே.

வெயில் என்றால் மின்சாரம் என்று கருதுவது

வெயிலும் வெப்பமும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. சிலிக்கான் சூரிய மின்தகடுகளின் திறன், தகட்டின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டியபின் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.3 முதல் 0.5 விழுக்காடு வரை குறைகிறது; தகடோ வெளிக்காற்றைவிட 20, 30 டிகிரி கூடுதலாகச் சூடேறும். வெப்ப முன்கணிப்பைத் தவிர்த்துவிட்டுக் கதிர்வீச்சை மட்டும் பெருக்கினால் கணக்கு இனிப்பாகவே வரும். தூசியும் புகையும் தனிக் கணக்கு. 1991இல் பிலிப்பைன்ஸின் பினட்டுபோ எரிமலை வெடித்தபின் நேரடிக் கதிர்வீச்சு உலகெங்கும் குறைந்தது. அதைப் போன்ற ஒன்றை எந்தப் பருவ முன்கணிப்பும் முன்கூட்டிச் சொல்லாது.

மழையை அணையின் நீராக எண்ணுவது

வறண்ட மண் முதல் மழையைக் குடித்துவிடும். பனியாக விழுந்தது மாதங்கள் கழித்தே வரும். மழையளவை நீர்வரத்தாக மாற்றும் நீரியல் மாதிரி இடையில் இல்லையென்றால் நீர்மின் கணக்கைத் தொடங்காதீர்கள்.

2050க்கான காலநிலை எதிர்நோக்கை அடுத்த ஆண்டுக்குப் பயன்படுத்துவது

வேண்டாம்.

ஒரு பருவம் தவறியதும் கைவிடுவது

60 விழுக்காடு வாய்ப்பு என்று சொல்லப்பட்டது பத்தில் நான்கு முறை நடக்காமல் போக வேண்டும். பத்துக்குப் பத்தும் நடந்தால்தான் முன்கணிப்பில் கோளாறு. என் முதல் அறிக்கையைப் பயன்படுத்திய நிறுவனம் அந்த ஒரே பருவத்துக்குப் பிறகு முன்கணிப்புகளை முற்றிலும் நிறுத்திவிட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நான் கொடுத்தது முன்கணிப்பே அன்று. இப்போது ஒவ்வோர் அறிக்கையையும் வெளியிட்ட அன்றே, மூன்று பங்குகளின் வாய்ப்பு எண்களோடு, பிறகு திருத்த முடியாத ஒரு கோப்பில் தேதியிட்டுப் பூட்டி வைக்கிறோம். இருபது, முப்பது பருவங்கள் சேர்ந்தபின் அந்தக் கோப்பைத் திறந்து கணக்கிடலாம். புதியவரின் அறிக்கையும் முதல் வரி நீக்கப்பட்டு, 51 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தோடு, சென்ற வாரம் அதில் சேர்ந்தது.