சுங்குடி வாங்கும்போது விரலால் தடவிப் பாருங்கள்

மதுரையில் புள்ளி போட்ட பருத்திச் சேலையைக் கைமுடிச்சுச் சுங்குடி என்று விலை கூட்டிச் சொன்னால், பணம் கொடுக்கும் முன் புள்ளிகளின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். சின்னச் சின்ன மேடாகத் தட்டுப்பட வேண்டும். துணியைக் கிள்ளி நூலால் இறுகக் கட்டித்தான் சாயத்தில் முக்குகிறார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது, சுருக்கமும் லேசில் போகாது. புள்ளிகளும் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. சுங்குடிக்குப் புவிசார் குறியீடே உண்டு, ஆனாலும் கடைகளில் அச்சுப் புள்ளிச் சேலையும் அதே பெயரில்தான் விற்கிறது.

துவைத்து இஸ்திரி போட்ட சேலையில் மேடு அமுங்கிவிடும். அங்கே புள்ளிகளின் கோணல்மாணலை மட்டும் பாருங்கள். அப்புறம், தினசரி கட்டத்தான் என்றால் அச்சே போதும், அச்சு விலைக்கு.